மூன்றாம் ஓலை

ஒக்டோபர் மாதம் பத்தொன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை, என்னுடைய அப்பா தாழ்வுபாட்டில் உயிரோடு இருந்தார். அதே காலை, அதே நேரம், பேசாலையில் செத்துப்போயிருந்தார். இரண்டு செய்தியையும் பூசை முடிகிற நேரத்தில் இரண்டு ஊர்ப் பங்குச் சுவாமிமாரும் மைக்கில் வாசித்தார்கள். நான் கதை அளக்கவில்லை. நடந்தது இதுதான்.

எங்கள் கத்தோலிக்க ஆட்களுக்குக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். மாப்பிள்ளையின் ஊர்க் கோயிலிலும் வாசிப்பார்கள், பெண்ணின் ஊர்க் கோயிலிலும் வாசிப்பார்கள். இன்னாருடைய மகன் இன்னாருடைய மகளைத் திருமணம் செய்ய இருக்கிறார், தடை ஏதும் இருந்தால் தெரிந்தவர்கள் அறிவியுங்கள் என்று. தாய் தகப்பனில் யாரும் இறந்திருந்தால் அந்தப் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஒரு சொல் வரும். அந்த ஒரு சொல்லில்தான் என் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

அம்மா எங்கள் தாழ்வுபாட்டுச் சுவாமியிடம் கொடுத்த துண்டில் 'அமிர்தநாயகம், பெற்றிசியா ஆகியோரின் மகள் டிலோஜினி' என்று இருந்தது. மாப்பிள்ளை றொசாந்தனின் அம்மா பேசாலைக் கோயிலில் கொடுத்த துண்டில் 'காலஞ்சென்ற அமிர்தநாயகம்' என்று இருந்தது. இரண்டு பேருமே தங்களுக்குத் தெரிந்த உண்மையைத்தான் எழுதினார்கள். ஒருவரை ஒருவர் கேட்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அப்பா ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பின்னேரம் கடலுக்குப் போனார். கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். ஒரு நாள்தானே என்று தனியாகவே வலையைப் படகில் ஏற்றினார். போகும்போது என்னிடம், வந்து உன்னுடைய சைக்கிள் செயினைக் கழற்றிப் பார்க்கிறேன் என்றார். அன்றிரவு காற்று மாறிவிட்டது. ஆளும் வரவில்லை, போட்டும் வரவில்லை. ஒரு மிதப்புக்கட்டைகூடக் கரை ஒதுங்கவில்லை. ஊர்ப் போட்டுகள் பத்து நாள் தேடின. தேடினது போதும் என்று யாரும் அம்மாவிடம் வந்து சொல்லவில்லை. பதினோராம் நாள் எல்லோரும் தங்கள் தங்கள் தொழிலுக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து யார் அப்பாவைக் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான். "அவர் தொழிலுக்குப் போட்டார். இன்னும் வரேல்லை." ஆள் கடலுக்குப் போயிருக்கிறார் என்பதற்கு எங்கள் ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் எல்லாப் பெண்களும் சொல்கிற பதில் அது. மற்ற வீடுகளில் ஆள் பத்து மணிக்கு வந்துவிடுவார். கிராம அதிகாரி, எங்கள் விதானை, குடும்ப விவரம் எழுத வந்தபோதும் அம்மா இதையேதான் சொன்னார். வோட்டுக் கேட்டு வந்தவர்களிடமும் இதையேதான் சொன்னார். ஒரு முறை, எந்த வருஷம் போனவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோவன் என்று நான் நக்கலாகக் கேட்டேன். அன்று முழுக்க எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

எரிச்சல் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த எரிச்சலுக்குள் வேறு ஒன்றும் இருந்தது. அம்மாவின் அந்த நம்பிக்கையைச் செய்து கொடுத்ததே நான்தான்.

அப்பா போன ரெண்டு மாதத்தில் அம்மா ஆளே இல்லை. தலை வாரி இழுப்பதில்லை, சமைப்பதில்லை. கடலைப் பார்த்தபடி, கரையில் மீன் காயப்போடுகிற வாடியில் குந்திக்கொண்டிருப்பார். பெரியம்மா வந்து ஊட்டினால் ரெண்டு வாய் வாங்குவார். எனக்குப் பதினெட்டு வயது. அப்பாவும் போய் அம்மாவும் போய்விடுவாரோ என்று பயம். அந்த நேரம் வருஷப்பிறப்பு வந்தது. வருஷப்பிறப்புப் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு கூடை நீட்டுவார்கள். அதில் வேத வசனங்கள் எழுதிச் சுருட்டிய துண்டுகள் இருக்கும். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க அதுதான் ஆண்டவர் உங்களுக்குத் தந்த வாக்கு. துண்டுகளை எழுதுவது எங்கள் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள். என் எழுத்து வடிவு என்பதால் பாதிக்கு மேல் என் தலையில்தான் விழும்.

கடலில் போனவர்களை ஆண்டவர் கரை சேர்ப்பார் என்கிற கருத்தில் ஒரு வசனம் உண்டு. அதை எழுதினேன். மற்றதை எல்லாம் கூடையில் போட்டுவிட்டு, அந்த ஒன்றை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். பெண்கள் பக்கத்து வாசலில் நான்தான் கூடையோடு நின்றேன். அம்மா வந்தபோது, எடுங்கோ என்று சொல்லி அவருடைய கைக்குள் அதை வைத்து மூடிவிட்டேன். கள்ளவேலைதான். பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் அதைச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து விரித்து வாசித்தார். பிறகு அடுப்படிக்குப் போனார். ரெண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் சொதி கொதித்தது. அடுத்த கிழமை கருவாடு போட வாடிக்குப் போனார். துண்டை டவுணுக்குக் கொண்டுபோய் லெமினேற் பண்ணி, சுவரில் மடு மாதா படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டினார். ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லி முடித்து அதைத் தொட்டுக் கும்பிடுவார். ஏழு வருஷமாக என் அம்மா என் கையெழுத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, அதைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

றொசாந்தனுக்குக் கட்டாரில் வேலை. நல்ல பெடியன், கோபம் வராது, அதுவே சிலநேரம் எனக்குக் கோபம் வரவைக்கும். ரெண்டு மாத லீவில் வந்திருந்தான். கல்யாணம் நவம்பர் பன்னிரண்டு. அதை விட்டால் திருவருகைக் காலம் தொடங்கிவிடும், கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அவனுக்கும் லீவு முடிந்துவிடும்.

முதல் ஓலை வாசித்த அன்றைக்கே இரண்டு ஊரிலும் கதை பரவிவிட்டது. பேசாலைக்கும் தாழ்வுபாட்டுக்கும் நடுவே எத்தனையோ சொந்தம், எத்தனையோ போன். திங்கட்கிழமை பின்னேரம் றொசாந்தனின் அம்மா அந்தோனியம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார். கோபமாக வரவில்லை. ஒரு பை நிறையத் தோடம்பழம் கொண்டுவந்திருந்தார். கதிரையில் இருந்து தண்ணி குடித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். இரண்டு கோயிலிலும் ஒரே மாதிரி வாசிக்காவிட்டால் சுவாமிமாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தானும் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்றார். மூன்றாம் ஓலைக்கு முன்னால் ஒரு முடிவு வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணத்தைத் தள்ளித்தான் வைக்க வேண்டும் என்றார். தள்ளிவைத்த கல்யாணங்கள் எங்கள் பக்கத்தில் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"செத்தவர் எண்டால் அது மரியாதை, தங்கச்சி," என்றார் அந்தோனியம்மா. "உயிரோடை எண்டு வாசிச்சால், அப்ப ஆள் எங்கை எண்டு கேப்பினம். இராமேஸ்வரத்தில வேறை குடும்பத்தோடை இருக்கிறாராம் எண்டும் ஒரு கதை உலாவுது. எனக்குத் தெரியும் அது பொய்யெண்டு. ஊர் வாயை என்னாலை மூடேலாது."

அம்மா தோடம்பழப் பையின் காதைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார். "அவர் வந்து நிக்கேக்க நான் என்ன சொல்லுறது அக்கா? உங்களைச் செத்திட்டீங்கள் எண்டு கோயிலில வாசிக்கச் சொல்லி எழுதிக் குடுத்தது நான்தான் எண்டு சொல்லுறதே?"

அதைக் கேட்டு அந்தோனியம்மா எழும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். போன பிறகு நான்தான் கத்தினேன். அப்பா வருகிற வரைக்கும் நானும் உங்களோடு கருவாடு திருப்பிக்கொண்டு இருக்கவா, எனக்கு வயது இருபத்தைந்து, அப்பா செத்து ஏழு வருஷம், அது உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்றேன். 'செத்து' என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் முதல்தரம் சொன்னவள் நான். அம்மா மாதா படத்துக்குக் கீழே இருந்த துண்டைப் பார்த்தார். "ஆண்டவர் சொன்னவர், பிள்ளை," என்றார். அவ்வளவுதான். நான் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு அறைக்குள் போனேன்.

அந்தக் கிழமை முழுவதும் டவுணில் மருந்து விற்கிற பாமசிக்கு வேலைக்குப் போய்க்கொண்டே யோசித்தேன். றொசாந்தனுக்குப் போன் பண்ணினேன். தன் அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கு, என் அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கு என்றான். போனை வைத்துவிட்டேன். கடைசியில் ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஆண்டவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று அம்மாவிடம் ஒப்புக்கொள்வது. அந்தத் துண்டை நானே கழற்ற வேண்டும். கழற்றினால் அம்மா மறுபடி அந்த ரெண்டு மாதத்துக்குள் போய்விடுவாரோ என்று பயந்தேன். ஆனாலும் எனக்கு என் கல்யாணம் வேண்டும். அதையும் மறைக்கவில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு அம்மா எங்கள் கோயிலில் இல்லை. காலையில் வெள்ளனவே வெளிக்கிட்டுப் போயிருந்தார். முதல் பூசைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். எங்கள் சுவாமி போன கிழமை மாதிரியே வாசித்தார். அப்பா உயிரோடு இருந்தார். நான் வீட்டுக்கு வந்து, அம்மாவைக் காணாமல் வாடிக்குப் போனபோது பதினொரு மணி இருக்கும். வெயிலில் வலை விரிப்பில் கிடந்த கட்டாக் கருவாட்டை அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கோயிலுக்குக் கட்டின சேலையோடேயே நின்றார்.

எங்கே போனீங்கள் என்று கேட்டேன். பேசாலைக்கு என்றார்.

"அந்தச் சொல்லை வாசிக்கேக்க எப்பிடி இருக்கெண்டு கேக்கப் போனனான். கடைசி வரிசை வாங்கில இருந்து கேட்டன்."

பஸ் பிடித்து, தெரியாத கோயிலில் தனியாக இருந்து, தன்னுடைய புருஷன் செத்துவிட்டார் என்று மைக்கில் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்து மீன் திருப்பிக்கொண்டிருக்கிறார். இவரிடம் இனி நான் வேறு என்ன சொல்வது. ஆனால் இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்றும் தெரிந்தது. அம்மாவுக்கு முன்னால் குந்தி நானும் மீனைத் திருப்பத் தொடங்கினேன்.

"அம்மா, அந்தத் துண்டு கூடையில இருந்து வரேல்லை. நான்தான் உங்கட கைக்குள்ள வைச்சனான். ஆண்டவர் தரேல்லை."

அம்மாவின் கை நிற்கவில்லை. "தெரியும்," என்றார்.

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"எல்லாருக்கும் கூடையை நீட்டினனி. எனக்கு மட்டும் கையைப் பிடிச்சனி. தாய்க்குத் தெரியாதே?"

"பிறகேன் நம்பினீங்கள்?"

"அதை நீயே உன்ர மனசில இருந்து எழுதினனி? அது வேதத்தில கிடக்கிறதுதானே. நீ கொண்டு வந்து தந்தனி. தபால்காரன் ஆரெண்டு பாத்தே பிள்ளை கடிதத்தை நம்பிறது?"

வாடியில் வேறு யாரும் இல்லை. நான் அழத் தொடங்கினேன். எதற்கு என்று அப்போது தெரியவில்லை. ஏழு வருஷம் நான் தூக்கிச் சுமந்த கள்ளத்தை அம்மா முதல் நாளே தூக்கித் தன் தோளில் வைத்திருக்கிறார் என்பதுதான் முதலில் விளங்கியது. அம்மா என்னைத் தேற்றவில்லை. அந்த வரிசை முடியும் மட்டும் திருப்பினார். பிறகு கையை மண்ணில் தேய்த்துவிட்டு அப்படியே கீழே இருந்தார்.

"கரை சேப்பார் எண்டுதான் அதில கிடக்கு," என்றார். "எந்தக் கரை எண்டு இல்லை. நான்தான் தாழ்வுபாட்டுக் கரை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்."

கடல் அன்று அலையில்லாமல் கிடந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அவர் சேந்திட்டார், பிள்ளை. பேசாலையில அந்தச் சொல்லைக் கேக்கேக்க அதுதான் மனசில வந்தது. முந்தியே சேந்திருப்பார். ஆண்டவர் சொல்லுப் பிழைக்கேல்லை. நான்தான் அவரைக் கடலுக்கை வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்." அதற்குப் பிறகுதான் அம்மாவின் முகம் கோணிக்கொண்டு வந்தது. சத்தம் வரவில்லை. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். ஏழு வருஷத்துக்குப் பிறகு செத்த வீடு அன்றைக்கு அந்த வாடியில் நடந்தது. வந்தவள் நான் ஒருத்திதான்.

பின்னேரம் அம்மா ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சுவாமிக்குப் புதுத் துண்டு கொடுக்க வேண்டும், உன்ர எழுத்து வடிவு, நீயே எழுது என்றார். குத்திக் காட்டினாரா இல்லையா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. குத்திக் காட்டுகிற ஆள் இல்லை அவர். நான் 'காலஞ்' என்று எழுதினேன். அதோடு பேனை நின்றுவிட்டது. கிழித்துப் போட்டு இன்னொரு தாளில் எழுதினேன். மூன்றாவது தாளில்தான் முழுச் சொல்லும் வந்தது, அதுவும் கோணலாக. நான் விரும்பிய சொல்தான் அது. அதற்காகத்தான் ஒரு கிழமையாகச் சண்டை பிடித்தேன்.

மூன்றாம் ஓலை விழுந்த ஞாயிறு நவம்பர் இரண்டு, மரித்த ஆத்துமாக்களின் திருநாள். யாரும் திட்டம் போடவில்லை, நாட்காட்டி அப்படி வந்தது. அம்மா வெள்ளைச் சேலையில் வருவார் என்று ஊர்ப் பெண்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அம்மாவோ, அப்பா வாங்கிக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, முன் வரிசை வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

பூசை முடிகிற நேரம் சுவாமி தாளை எடுத்தார். என் கோணல் எழுத்து அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. "தாழ்வுபாட்டைச் சேர்ந்த காலஞ்சென்ற அமிர்தநாயகம்..." அதற்குப் பிறகு என் பெயரை வாசித்தாராம், றொசாந்தனின் பெயரை வாசித்தாராம், தடை இருந்தால் அறிவிக்கச் சொன்னாராம். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அம்மா நிமிர்ந்துதான் இருந்தார். நான்தான் வாங்கின் முன்சட்டத்தில் நெற்றியை வைத்து விழுந்துவிட்டேன். கல்யாணப் பெண் ஓலை வாசிக்கும்போது வெட்கப்படலாம், சிரிக்கலாம். இப்படி அழுகிறவளை அந்தக் கோயில் கண்டிருக்காது.

அப்பா செத்துவிட்டார் என்று எனக்கு எப்பவோ தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய். அம்மா ஒரு ஆள் காத்திருந்தபடியால் நான் காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. வருவார் வருவார் என்று அம்மா சொல்லச் சொல்ல, வரமாட்டார் என்று நான் தைரியமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கும் சேர்த்துத்தான் அம்மா காத்திருந்திருக்கிறார். அவர் எழும்பிவிட்ட இடத்தில் அப்போதுதான் நான் போய் இருந்தேன்.

அன்று பின்னேரம் ஊரே மெழுகுதிரியோடு கல்லறைகள் இருக்கிற சேமக்காலைக்குப் போனது. அம்மா ஏழு வருஷமாக அந்த நாளில் வீட்டை விட்டு வெளிக்கிட்டதில்லை. இந்த முறை போனார். அப்பாவுக்குக் கல்லறை இல்லாததால் நடுவில் இருக்கிற பெரிய குருசின் அடியில் திரியை வைத்தார். காற்று ரெண்டு தரம் அணைத்தது. மூன்றாம் தரம் நான் கையால் மறைத்துக்கொண்டேன், அது நின்று எரிந்தது.

கருவாடு வாங்க எங்கள் வீட்டுக்குச் சிலாவத்துறையில் இருந்து ஒரு வயதான முதலாளி வருவார். அவருக்குச் சுகமில்லை என்று செவ்வாய்க்கிழமை வேறொரு முஸ்லிம் வியாபாரி வந்தார். எங்களை அவருக்குத் தெரியாது. அம்மா பின்னால் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தார். மாதா படத்துக்குக் கீழே அந்தத் துண்டு இருந்த இடத்திலேயே இருந்தது, அம்மா அதைக் கழற்றவில்லை. நான் கல்யாணக் கார்ட்டுகளுக்கு மேல்விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கார்ட்டிலும் அந்தச் சொல் பொன் எழுத்தில் அச்சடித்திருந்தது. வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று, "வாப்பா இல்லையா மகள்?" என்று கேட்டார்.

"அவர் தொழிலுக்குப் போட்டார்," என்றேன். "இன்னும் வரேல்லை."

பின்னால் தராசுச் சத்தம் நின்றது. வந்தவர், அப்படியென்றால் பிறகு வரவா என்று கேட்டார். இல்லை இருங்கோ, அம்மா நிற்கிறா என்று சொல்லி, கதிரையை இழுத்துப் போட்டேன்.